விவசாயிகள் மன்றக் கூட்டத்தை நடத்துவது எப்படி: 1870களின் கிரேஞ்ச் காட்டும் வழி

எங்கள் ஊர் உழவர் குழுவின் முதல் கூட்டத்துக்கு அறுபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். நாலாவது கூட்டத்துக்கு ஒன்பது பேர். யாருக்கும் யாரோடும் சண்டை இல்லை, மனக்கசப்பும் இல்லை. மேடையில் ஒருவர் மைக் பிடித்துப் பேசினார், மற்றவர்கள் கேட்டார்கள், டீ குடித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். அடுத்த மாதமும் வேலையை விட்டுவிட்டு வரவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்ற நாங்கள் எதையும் செய்யவில்லை. அந்தக் கவலையில்தான், வருஷக்கணக்காக விடாமல் கூடிய விவசாயிகள் எப்படிக் கூடினார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தேடல் அமெரிக்காவின் கிரேஞ்ச் மன்றங்களில் போய் நின்றது. கூட்டம் நடத்துவதை அவர்கள் ஒரு தொழில் போலக் கற்று வைத்திருந்தார்கள். அதை இங்கே படிப்படியாகத் தருகிறேன். புதிதாகக் குழு தொடங்குகிறவர்களுக்கும், தொடங்கிய குழு கரைந்துகொண்டிருப்பதைப் பார்த்து வருந்துகிறவர்களுக்கும் இது உதவும்.

முதலில் கொஞ்சம் வரலாறு. ஆலிவர் ஹட்சன் கெல்லி பாஸ்டனில் பிறந்து, மின்னசோட்டாவில் நிலம் பிடித்து விவசாயம் பார்த்தவர். பிறகு வாஷிங்டனில் வேளாண் துறையில் எழுத்தர் ஆனார். உள்நாட்டுப் போர் முடிந்த மறுவருஷம், 1866இல், தென் மாநிலங்களின் விவசாய நிலையைப் பார்த்து வர அவரை அனுப்பினார்கள். அங்கே அவர் கண்டது தனிமை. பக்கத்துப் பண்ணைக்கு ஒரு மைல், அரை நாள் தூரத்தில் சந்தை, புதிதாக எதையும் கேட்கவோ படிக்கவோ வழியில்லாத வாழ்க்கை. 1867 டிசம்பர் 4 அன்று வாஷிங்டனில் கெல்லியும் நண்பர்களும் சேர்ந்து ஏழு பேராக ஒரு சங்கத்தை நிறுவினார்கள். அதன் ஊர்க்கிளைக்குக் கிரேஞ்ச் என்று பெயர். பண்ணை வீடு, களஞ்சியம் என்பது அந்தப் பழைய சொல்லின் பொருள்.

தொடக்கம் எளிதாக இல்லை. 1868 ஏப்ரலில் கிளை திறக்கப் புறப்பட்ட கெல்லியிடம் ஹாரிஸ்பர்க் ஊருக்கு ஒரு ரயில் டிக்கெட்டும் இரண்டரை டாலரும்தான் இருந்தன. அந்த மாதமே நியூயார்க் மாநிலத்தின் ஃப்ரெடோனியாவில் முதல் முறையான கிளை அமைந்தது. நாலைந்து வருஷம் தவழ்ந்த சங்கம், 1873இன் பொருளாதார வீழ்ச்சியில் தானிய விலை சரிந்து ரயில் கட்டணம் கழுத்தை நெரித்தபோது காட்டுத்தீயாகப் பரவியது. 1875இல் உறுப்பினர் எண்ணிக்கை 7.5 லட்சத்தைத் தாண்டியது. 1880இல் அது சுமார் ஒன்றேகால் லட்சம். அந்த ஐந்து வருஷத்தில் எந்தக் கிளைகள் மூடின, எவை தாங்கின என்பதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளைப் படியுங்கள். சேர்ந்து வாங்கினால் கிடைக்கும் மலிவு விலைக்காக மட்டும் கூடிய கிளைகள் மலிவு நின்றதும் கலைந்தன. மாலைக் கூட்டமே சுவையாக இருந்த இடங்களில், குறிப்பாக நியூ இங்கிலாந்து, நியூயார்க், பென்சில்வேனியா பக்கங்களில், கிரேஞ்ச் உயிரோடு இருந்தது, பின்னால் மறுபடி வளரவும் செய்தது.

படி 1: ஆட்களைச் சேர்ப்பது

ஒரு கிளை தொடங்கக் குறைந்தது ஒன்பது ஆண்களும் நான்கு பெண்களும் வேண்டும் என்பது தொடக்க கால விதி. அந்த நான்கு பெண்கள் இல்லாமல் கிளையே கிடையாது. இதற்குக் காரணமாக இருந்தவர் கெல்லியின் சகோதரி மகள் கேரலைன் ஹால். பெண்களுக்குச் சம இடம் இல்லாவிட்டால் இந்தச் சங்கம் நிற்காது என்று தொடக்கத்திலேயே மாமாவிடம் வாதாடியவர் அவர். தொடக்க வருஷங்களில் சங்கத்தின் கடிதப் போக்குவரத்தைச் சுமந்தவரும் அவரே. பெண்களுக்கு ஓட்டுரிமை நாடு முழுக்கக் கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு இருந்த காலம் அது. ஆனாலும் கிரேஞ்சில் பெண் வாக்களித்தார், எந்தப் பொறுப்புக்கும் நிற்க முடிந்தது. 1895இல் மின்னசோட்டா மாநிலக் கிரேஞ்சின் தலைமைக்கே சாரா பேர்ட் என்ற பெண் வந்தார்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் குழுவில் முதல் இரண்டு வருஷம் பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்து போனார்கள். ஒரு நாள் துவரை சேமிப்பில் வண்டு விழுவது பற்றிப் பேச்சு வந்தது. ஆண்கள் ஆளுக்கொரு மருந்துப் பெயர் சொன்னார்கள். பின்னாலிருந்து ஒரு அக்கா எழுந்து, செம்மண்ணைக் குழைத்துத் துவரையில் பூசிக் காயவைத்து எடுத்து வைப்பதை, மண் எந்தப் பதத்தில் இருக்கவேண்டும், எத்தனை வெயில் காட்டவேண்டும் என்று கையை விரித்துக் காட்டிச் சொன்னார். விதையைக் காப்பது அவர் வீட்டில் அவர் வேலை. அது தெரிந்தவரை விட்டுவிட்டுத் தெரியாதவர்களிடம் இரண்டு வருஷம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். குழுவுக்குப் பெயர் எழுதும்போது குடும்பத்துக்கு ஒரு பெயர் என்று எழுதாதீர்கள். கணவன் பெயரும் மனைவி பெயரும் தனித்தனி வரியில் வரட்டும்.

வயதும் கவனிக்க வேண்டியது. அந்தக் காலத்தில் ஆண்களுக்கு 18, பெண்களுக்கு 16 ஆனதும் கிரேஞ்சில் சேர முடிந்தது. அப்பா உட்கார்ந்திருந்த அதே கூட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஓட்டு இருந்தது.

புதியவரைச் சேர்க்குமுன் விசாரிக்க ஒரு சிறு குழு போட்டார்கள். பிறகு பெட்டியில் ரகசிய ஓட்டு. விவசாயத்தோடு தொடர்புள்ளவர் யாரும் சேரலாம் என்று முதலில் விதி தளர்வாக இருந்தது. 1873-74 வேகத்தில் தானிய வியாபாரிகளும் தரகர்களும் உள்ளே நுழைந்தார்கள், சங்கம் விதியை இறுக்க வேண்டி வந்தது. உங்கள் விளைச்சலை வாங்குகிறவரே உங்கள் கூட்டத்தில் உட்கார்ந்தால் விலை பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இதில் தயக்கம் வேண்டாம்.

படி 2: இடமும் நாளும்

முதல் வருஷங்களில் பள்ளிக்கூடத்திலும் உறுப்பினர் வீடுகளிலும் கூடினார்கள். கையில் காசு சேர்ந்த கிளைகள் மரத்தில் இரண்டு மாடிக் கூடம் கட்டின. பல ஊர்களில் மேலே கூட்ட அறை, கீழே சமையலும் சாப்பாடும். மாதம் ஒரு முறையாவது கூடவேண்டும், பல கிளைகள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கூடின. நாளை அவர்கள் மாற்றவே இல்லை என்பதுதான் முக்கியம். அந்தக் காலத்துக் கிராமச் சங்கங்கள் பல, பௌர்ணமியை ஒட்டிய கிழமையாகப் பார்த்து நாள் குறித்தன. கூட்டம் முடிந்து குதிரை வண்டியில் திரும்பும்போது பாதை தெரியவேண்டும் அல்லவா.

உங்கள் குழுவுக்கும் ஒரே கிழமை, ஒரே மணி, ஒரே இடம் வைத்துக்கொள்ளுங்கள். "அடுத்த கூட்டம் பிறகு அறிவிக்கப்படும்" என்ற வரியை உங்கள் நோட்டீஸிலிருந்து எடுத்துவிடுங்கள். தேதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கூட்டத்துக்கு யாரும் கேட்டு வரமாட்டார்கள்.

படி 3: பொறுப்புகளைப் பிரிப்பது

ஒரு பெரிய பண்ணையில் வேலை பார்க்கிறவர்களின் பெயரையே பொறுப்புகளுக்கு வைத்தார்கள். மாஸ்டர் தலைவர், ஓவர்சியர் துணைத் தலைவர், ஸ்டூவர்ட் கூடத்தைப் பராமரிப்பவர், கேட்கீப்பர் வாசலில் நிற்பவர். செயலாளர், பொருளாளர், பிரார்த்தனைக்கு ஒருவர் உண்டு. செரிஸ், பொமோனா, ஃப்ளோரா என்று தானியம், பழம், பூ ஆகியவற்றின் ரோமானிய தெய்வப் பெயர்களில் மூன்று பொறுப்புகள் பெண்களுக்கென்றே இருந்தன. மொத்தம் பதின்மூன்று பேர். சின்னக் கிளையில் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஏதோ ஒரு பொறுப்பில் இருப்பார்கள். பொறுப்பு இருக்கிறவர் கூட்டத்துக்கு வராமல் இருக்கக் கூச்சப்படுவார். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரோடு நிறுத்திக்கொள்ளும் நம் வழக்கத்தில் மற்ற எல்லாரும் விருந்தாளிகள்தான்.

பதின்மூன்றிலும் உங்களுக்கு உயிரான ஒன்று லெக்சரர். பெயரைக் கேட்டு மேடைப் பேச்சாளர் என்று நினைத்துவிடாதீர்கள். மற்றவர்களைப் பேச வைப்பதுதான் அவர் வேலை. அடுத்த கூட்டத்தில் எதைப் பேசுவது, யார் தொடங்குவது, யார் படிப்பது, யார் பாடுவது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்பவர் அவர். வாயாடியை இந்த இடத்தில் போடாதீர்கள். எந்த வீட்டில் எந்த மாடு சினை, யார் வயலில் எது பூத்திருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கிறவர், எதிராளி பேசும்போது குறுக்கிடாதவர், அப்படி ஒருவரைத் தேடுங்கள். எல்லாப் பொறுப்பும் ஒரு வருஷத்துக்குத்தான், பிறகு தேர்தல்.

படி 4: எதைப் பேசக்கூடாது என்று எழுதி வைப்பது

கிரேஞ்சின் கூட்டத்தில் கட்சி அரசியலும் மதமும் பேசக்கூடாது. இது சங்கத்தின் சட்டத்திலேயே இருந்தது. 1874 பிப்ரவரியில் செயிண்ட் லூயிஸில் நிறைவேற்றிய கொள்கை அறிக்கை அதை மறுபடி உறுதி செய்தது.

அப்படியானால் அவர்கள் அடங்கிப் போனவர்களா? அதே வருஷங்களில்தான் இல்லினாய், மின்னசோட்டா, ஐயோவா, விஸ்கான்சின் மாநிலங்கள் ரயில் கட்டணத்துக்கும் தானியக் கிடங்கு வாடகைக்கும் உச்சவரம்பு வைத்துச் சட்டம் போட்டன. அந்தச் சட்டங்களுக்கே கிரேஞ்சர் சட்டங்கள் என்று பெயர் வந்தது. சிகாகோவின் கிடங்குக்காரர்கள் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1877இல் மன் எதிர் இல்லினாய் வழக்கில், பொதுமக்கள் நலனைத் தொடும் தொழிலின் கட்டணத்தை அரசு கட்டுப்படுத்தலாம் என்று தீர்ப்பு வந்தது. ஒரு மூட்டை மக்காச்சோளத்தை சிகாகோவுக்கு அனுப்ப ஆகும் செலவு, சோளத்தின் விலையையே தின்றுவிடுகிறது என்பதைக் கூட்டத்தில் கணக்குப் போட்டுப் பேசினார்கள். சோளத்தை விற்பதைவிட அடுப்பில் எரிப்பது லாபம் என்று எரித்தவர்களும் அந்தச் சமவெளியில் இருந்தார்கள். இந்த வேட்பாளருக்கு ஓட்டுப் போடு என்று மட்டும் கூட்டத்துக்குள் சொல்லவில்லை. அதை வெளியே, தேர்தல் களத்தில், தனி மனிதர்களாகச் செய்தார்கள்.

விலை, வாடகை, தண்ணீர், சட்டம் எல்லாம் பேசுங்கள். கட்சி, சாதி, கோயில் தகராறு மூன்றையும் வாசலில் நிறுத்துங்கள். முதல் கூட்டத்திலேயே எழுதிப் படித்து, எல்லாரும் கை தூக்கி ஏற்கவேண்டும். பிறகு ஒரு நாள் அது வெடிக்கப் போகும்போது தலைவர் சொந்தக் கோபத்தில் தடுக்கவேண்டியதில்லை, விதியைக் காட்டினால் போதும்.

படி 5: மாலையின் ஒழுங்கு

கிரேஞ்சின் கூட்டம் சடங்குகளோடு நடந்தது. கெல்லி, ரகசியச் சடங்குகள் கொண்ட ஃப்ரீமேசன் என்ற சகோதர சங்கத்தைச் சேர்ந்தவர், அந்தப் பாணியை இங்கே கொண்டுவந்தார். வாசலில் கடவுச்சொல், நடுவில் மேசைமேல் விரித்த பைபிள், உறுப்பினருக்குப் படிநிலைகள். ஆண்கள் உழைப்பாளி, பயிரிடுவோன், அறுவடையாளன், குடியானவன் என்று நான்கு படி ஏறினார்கள். பெண்களுக்கும் இணையான நான்கு, அவற்றில் ஒன்று கதிர் பொறுக்குகிறவள். கோடாரி, கலப்பை, மண்வெட்டி, அரிவாள் என்று ஒவ்வொரு கருவியையும் கையில் எடுத்து அதன் பொருளைச் சொல்லிக் கொடுத்தார்கள். நாள் முழுக்கச் சேற்றில் பிடித்த கருவியை, குளித்து நல்ல உடை உடுத்தி வந்த மாலையில், விளக்கு வெளிச்சத்தில், மரியாதையோடு ஒருவர் கையில் தருகிறார். தன் வேலையைத் தானே மதிக்க அந்த ஏழை விவசாயிக்கு வேறு எந்த இடமும் அப்போது இல்லை. இந்தச் சடங்கை நாம் நகல் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கூட்டம் தொடங்குவதற்கு ஒரு அடையாளம் வேண்டும். எல்லாரும் எழுந்து ஒரு பாட்டு பாடினால் போதும். அவர்களும் பாட்டோடுதான் தொடங்கினார்கள்.

அலுவல் ஏறக்குறைய இந்த வரிசையில் போகும்: தொடக்கம், போன கூட்டத்தின் குறிப்பைப் படித்தல், புதிய விண்ணப்பங்கள், ஓட்டு, குழுக்களின் அறிக்கை, கணக்கு, பழைய அலுவல், புதிய அலுவல், அதன் பிறகு லெக்சரர் நேரம், கடைசியில் முடிப்பு. உறுப்பினரில் யாருக்காவது உடம்பு முடியவில்லை, களம் எரிந்துவிட்டது என்றால் உதவி பற்றிய பேச்சும் இதற்குள் வந்துவிடும். மாதச் சந்தா அப்போது குறைந்தது 10 செண்டு.

நான் கண்ட அனுபவத்தில் ஒன்று சேர்க்கிறேன். கணக்கும் அலுவலும் அரை மணி நேரத்தில் முடியவேண்டும். கடிகாரத்தைப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். முடியாத அலுவலை இரண்டு பேர் கொண்ட குழுவிடம் கொடுத்து அடுத்த முறை பதிலோடு வரச் சொல்லுங்கள். சந்தா பாக்கி பற்றி ஒரு மணி நேரம் பேசிய பிறகு பயிர் பற்றிப் பேச யாருக்கும் தெம்பு இருக்காது.

படி 6: லெக்சரர் நேரம்

மற்ற படிகளில் தவறு செய்தாலும் சமாளிக்கலாம், இந்த ஒரு மணி நேரம் பொய்த்தால் குழு நிற்காது.

ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். 1870களில் அமெரிக்க விவசாயியைத் தூங்கவிடாமல் செய்தது உருளைக்கிழங்கு வண்டு. மஞ்சள் முதுகில் பத்துக் கறுப்புக் கோடு போட்ட சிறு வண்டு அது. ராக்கி மலையடிவாரத்தில் காட்டுச் செடியைத் தின்றுகொண்டிருந்தது, உருளைக்கிழங்கு வயல்கள் அங்கே வந்து சேர்ந்ததும் கிழக்கு நோக்கி நகர ஆரம்பித்து, 1874இல் அட்லாண்டிக் கரையை எட்டிவிட்டது. புழு இலையைத் தின்று தண்டை மட்டும் விட்டுவைக்கும். இப்படி ஒரு பூச்சியைக் கூட்டத்தில் எப்படிப் பேச்சுக்கு எடுப்பது?

"உருளைக்கிழங்கு சாகுபடி" என்று தலைப்பு கொடுத்தால் ஒருவர் பாடப்புத்தகம் போலப் பேசுவார், மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். கேள்வியாகக் கொடுங்கள்: "போன பருவத்தில் உங்கள் வயலில் வண்டை எப்படி ஒழித்தீர்கள், எவ்வளவு செலவு, எத்தனை நாள் வேலை?" இதற்கு ஒவ்வொரு வயலிலிருந்தும் ஒரு பதில் உண்டு. அந்தக் காலத்தில் இருந்த பதில்கள் மூன்று வகை. பிள்ளைகளை வரிசை வரிசையாக அனுப்பி, மண்ணெண்ணெய் ஊற்றிய தகர டப்பாவில் வண்டைத் தட்டிப் போடுவது ஒன்று. பாரிஸ் பச்சை என்ற ஆர்செனிக் கலந்த நிறப்பொடியை மாவிலோ ஜிப்சத்திலோ கலந்து பனி ஈரம் இருக்கும் அதிகாலையில் தூவுவது இரண்டாவது. அதையே தண்ணீரில் கலக்கித் தெளிப்பது மூன்றாவது. பொடி கொடிய விஷம். தூவுகிறவர் காற்றின் எந்தப் பக்கம் நிற்பது, பொடியை வீட்டில் எங்கே வைப்பது, வயலுக்குள் மாடு நுழையாமல் எப்படித் தடுப்பது என்று கேள்விகள் தானாகக் கிளம்பும். டப்பா வழிக்குச் செலவு இல்லை, ஆனால் எத்தனை ஏக்கருக்குத் தாங்கும்? இப்படித்தான் ஒரு கேள்வி ஒரு மாலையை இழுத்துக்கொண்டு போகும்.

லெக்சரர் செய்ய வேண்டியவை:

கேள்வியை முந்தைய கூட்டத்தின் முடிவிலேயே அறிவிக்கவேண்டும். மூன்று பேரைத் தனியாகப் பார்த்து, "நீங்கள் தொடங்குங்கள்" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த மூவரில் ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் இதுவரை பேசாதவராகவும் இருக்கட்டும். பேசாதவரை முதலில் பேச விடுங்கள். ஊரின் பெரிய பண்ணைக்காரர் முதலில் பேசிவிட்டால் அதற்கு மேல் சின்ன விவசாயி தன் தவறைச் சொல்ல மாட்டார், வெற்றியை மட்டும் சொல்வார்.

யாருக்கும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். எழுதிப் படிக்கிறவருக்குப் பத்து.

அளவு இல்லாத பேச்சை விடாதீர்கள். "நிறையப் போட்டேன், நல்லா வந்துச்சு" என்றால் லெக்சரர் மெதுவாகக் கேட்கவேண்டும்: எத்தனை கூடை, எத்தனை சென்ட் நிலத்துக்கு, எந்தத் தேதியில், போடாத பக்கம் எப்படி இருந்தது? கடைசிக் கேள்விதான் பலருக்குப் புதிது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1843இல் தொடங்கி இன்றும் நடக்கும் கோதுமைச் சோதனையில், எந்த உரமும் போடாத துண்டு ஒன்று தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. அந்தத் துண்டு இருப்பதால்தான் மற்றவற்றின் விளைச்சலுக்கு அர்த்தம் கிடைக்கிறது. உங்கள் உறுப்பினர்களும் நாலு வரிசையைச் சும்மா விட்டுப் பார்க்கப் பழகவேண்டும்.

கேள்விப் பெட்டி ஒன்று வையுங்கள். பெயர் எழுதாமல் சீட்டில் கேள்வி போடலாம். கூச்சப்படுகிறவர்களுக்கு அதுவே வாய். எங்கள் பெட்டியில் முதல் மூன்று கூட்டத்தில் ஒரு சீட்டும் விழவில்லை. நாலாவதில், "சொட்டு நீர்க் குழாயில் உப்பு அடைக்கிறது, யாரிடம் கேட்பது?" என்று ஒன்று வந்தது. அன்று ஏழு வீட்டில் அதே பிரச்சினை என்று தெரியவந்தது.

பயிரோடு நிறுத்த வேண்டியதில்லை. கிரேஞ்சில் வெண்ணெய் எடுப்பது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டுக் கணக்கு எழுதுவது எல்லாம் பேச்சுக்கு வந்தன. நடுவில் பாட்டு, வாசிப்பு, இளையவர்களின் பட்டிமன்றம். பாதி மாலை படிப்பு, பாதி மாலை மகிழ்ச்சி. பக்கத்து வீடு ஒரு மைல் தள்ளியிருந்த அந்தச் சமவெளியில் பெண்கள் மாதக்கணக்கில் இன்னொரு பெண் முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். அவர்களை அந்தக் கூடத்துக்கு வண்டி கட்டி வரவைத்ததில் உருளைக்கிழங்குக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு பாட்டுக்கும் உண்டு என்று நான் நம்புகிறேன்.

முடிக்கும்போது ஒரு கேள்வி: "இன்று கேட்டதை யார் செய்து பார்க்கப் போகிறீர்கள்?" இரண்டு பெயர் கிடைத்தால் எழுதிக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்ததும் அந்த இருவர் பேசுவார்கள். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைப் பிறப்பிக்கிறது இப்படித்தான்.

படி 7: வயலைச் சுற்றி வருவது

இதைக் கிரேஞ்சிடமிருந்து அல்ல, அதற்கும் பழைய ஒரு சின்ன மன்றத்திடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மேரிலாந்தில் வாஷிங்டனுக்கு வடக்கே சாண்டி ஸ்பிரிங் என்ற ஊர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வாழ்ந்தது. 1844இல் அங்கே ஒரு விவசாயிகள் மன்றம் தொடங்கினார்கள். அந்த வட்டார மண் தலைமுறைகளாகப் புகையிலை போட்டுச் சத்து வற்றிப்போன மண். பலர் நிலத்தை விட்டுவிட்டு மேற்கே போய்க்கொண்டிருந்த நேரம். சாண்டி ஸ்பிரிங்காரர்கள் சுண்ணாம்பும் எலும்புத் தூளும் பெரு நாட்டுக் கடற்பறவை எருவான குவானோவும் போட்டு மண்ணை மீட்கப் பார்த்தார்கள். மன்றம் அதற்குக் கண்ணும் காதுமாக இருந்தது. உறுப்பினர் எண்ணிக்கையை வேண்டுமென்றே சிறிதாக வைத்துக்கொண்டார்கள், ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய அளவுக்கு. மாதம் ஒரு வீடு. அன்றைய வீட்டுக்காரரின் பண்ணை முழுவதையும் முதலில் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கூட்டம், பிறகு சாப்பாடு.

நினைத்துப் பாருங்கள், உங்கள் முறை வரப்போகிறது என்று தெரிந்தால் வேலி சரி செய்வீர்கள், குப்பைக் குழியைச் சுத்தமாக வைப்பீர்கள். வருஷத்தில் ஒரு நாள் ஊரே உங்கள் வயலைப் பார்க்க வருகிறது என்பதே பாதி விவசாயத்தைத் திருத்திவிடும்.

சுற்றும்போது நான்கு விஷயம் கவனியுங்கள். வீட்டுக்காரர் முன்னால் நடந்து தானே சொல்லட்டும், தோற்ற பயிரையும் காட்டட்டும். குறை சொல்வதானால் அந்தச் செடியின் முன்னாலேயே சொல்லவேண்டும், திரும்பும் வழியில் முதுகுக்குப் பின்னால் அல்ல. மண்ணை ஒரு இடத்திலாவது தோண்டி எல்லாரும் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். வீட்டுக்காரர் தனக்குப் புரியாத ஒன்றைக் கேள்வியாகக் கேட்கவேண்டும், அதற்குப் பதில் தேடுவதே அன்றைய பேச்சின் தொடக்கம்.

பெரிய குழுவுக்கும் இது முடியும். பத்துப் பத்துப் பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 8: சாப்பாடு

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிரேஞ்சின் நாலாம் படி ஏறியதும் அறுவடை விருந்து உண்டு, ஒவ்வொரு வீடும் ஒரு பாத்திரம் கொண்டுவரும். வாங்கி வந்த பொட்டலத்தைவிட வீட்டிலிருந்து வந்த பாத்திரம் ஆட்களை அரை மணி நேரம் கூடுதலாக உட்கார வைக்கும். சமைப்பதும் பரிமாறுவதும் பெண்கள் தலையில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால், லெக்சரர் நேரத்தில் அவர்கள் அடுக்களையில் இருப்பார்கள்.

படி 9: சேர்ந்து வாங்குவதும் விற்பதும்

குழு என்றாலே உரம் மலிவாகக் கிடைக்குமா என்றுதான் முதல் கேள்வி வரும். கிரேஞ்சிலும் அப்படித்தான். கிளைகள் தேவையைத் திரட்டி, ரொக்கத்தோடு ஒரு ஏஜெண்டை அனுப்பி, தையல் இயந்திரமும் கலப்பையும் வாங்கின. 1872இல் சிகாகோவில் தொடங்கிய மாண்ட்கோமரி வார்டு தபால் வணிகம் கிரேஞ்ச் உறுப்பினர்களையே நம்பி வளர்ந்தது, தன்னை கிரேஞ்சின் அசல் சப்ளை நிறுவனம் என்று விளம்பரம் செய்துகொண்டது. இவை நன்றாக நடந்தன.

சறுக்கியது எங்கே என்றால், ஐயோவா மாநிலக் கிரேஞ்ச் அறுவடை இயந்திரத்துக்கான காப்புரிமையை வாங்கித் தானே இயந்திரம் செய்து விற்க இறங்கியபோது. சந்தை விலையைவிட மிகவும் மலிவாகக் கொடுத்தார்கள். ஒரு பருவம் எல்லாரும் மகிழ்ந்தார்கள். அடுத்த பருவமே கடன், வழக்கு, உறுப்பினர் விலகல். பயிர் தெரிந்தவர்களுக்குத் தொழிற்சாலை தெரியவில்லை. நம்பி வந்தவர்கள் மாலைக் கூட்டத்தையும் சேர்த்தே விட்டுப் போனார்கள்.

பிறகு 1875இல் இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் 1844இல் தொடங்கிய கூட்டுறவுக் கடையின் முறையைத் தேசியக் கிரேஞ்ச் பரிந்துரைத்தது: ரொக்கத்துக்கு மட்டும் விற்பனை, சந்தை விலையிலேயே விற்பனை, வருஷ முடிவில் வாங்கிய அளவுக்கேற்ப லாபப் பங்கு, ஒருவருக்கு ஒரு ஓட்டு. அடிமாட்டு விலை வைத்து எதிரிகளைச் சம்பாதிக்க வேண்டாம், கடன் கொடுத்து நட்பை இழக்க வேண்டாம்.

என் கணிப்பில், குழு ஒரு வருஷம் முழுதாகக் கூடிய பிறகே பணத்தில் கை வையுங்கள். முதலில் விதையோ பிண்ணாக்கோ ஒரே ஒரு பொருள். பணம் முன்கூட்டி, கணக்கு கூட்டத்தில் சத்தமாகப் படிக்கப்படவேண்டும். கொள்முதலுக்குத் தனி நாள் வையுங்கள், கூட்ட நாளில் மூட்டை இறக்காதீர்கள்.

படி 4இல் சொன்ன 1874 கொள்கை அறிக்கையில் இன்னொரு யோசனை இருக்கிறது. குறைவாக வாங்கு, கூடுதலாக உற்பத்தி செய். தானியத்தைத் தானியமாகவே அனுப்பி வண்டி வாடகையில் அழியாமல், அதைக் கால்நடைக்கு ஊட்டி, உயிருள்ள கால்நடையாகவும் கம்பளியாகவும் விற்பனை செய். பத்து மூட்டை மக்காச்சோளம் ஒரு பன்றிக்குள் அடங்கிவிட்டால் ரயிலுக்குக் கொடுக்கும் கூலி எவ்வளவு குறையும் என்று அவர்கள் போட்ட கணக்கு அது. கடனுக்கு வாங்கும் பழக்கத்தையும் நிலத்தை அடமானம் வைப்பதையும் அதே அறிக்கை கண்டித்தது. உங்கள் லெக்சரர் ஒரு மாலைக்கு இந்த ஒரு பத்தியையே கேள்வியாக வைக்கலாம்: நம் ஊரிலிருந்து பாரமாகப் போகும் எந்தப் பொருளை இங்கேயே சுருக்கி அனுப்ப முடியும்?

படி 10: குறிப்பு நோட்டு

மாசசூசெட்ஸின் கான்கார்டு ஊரில் 1852இல் தொடங்கிய விவசாயிகள் மன்றத்தின் கூட்டப் பதிவுகள் அந்த ஊர் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. எருவும் ஆப்பிளும் புல்வெளியும் பற்றிப் பேசிய குளிர்கால மாலைகளை ஒரு செயலாளர் மையில் எழுதி வைத்ததால், அந்த ஊரின் நிலம் எப்படி மாறியது என்று ஆராய்ச்சியாளர்கள் இன்று அதிலிருந்து படிக்கிறார்கள். "கூட்டம் சிறப்பாக நடைபெற்றது" என்று மட்டும் எழுதியிருந்தால் யாருக்கு என்ன பயன்?

நோட்டில் எழுத வேண்டியது: தேதி, வந்தவர்கள் எண்ணிக்கையில் ஆண் எத்தனை பெண் எத்தனை, மழை எவ்வளவு பெய்திருந்தது, அன்றைய கேள்வி, யார் என்ன அளவு சொன்னார், எதில் கருத்து வேறுபட்டது, யார் செய்து பார்க்க ஒப்புக்கொண்டார். ஒத்துவராத கருத்தையும் அப்படியே எழுதுங்கள். பத்து வருஷம் கழித்து எது சரி என்று மண் சொல்லியிருக்கும்.

எங்கள் நோட்டில் செம்மண் கட்டிய துவரை பற்றிய பக்கத்துக்குக் கீழே அந்த அக்காவின் கையெழுத்தும் இருக்கிறது. எழுதியதைப் படித்துக் காட்டியபோது, "ரெண்டு வெயில் இல்லை தம்பி, மூணு வெயில்" என்று திருத்தி, பேனாவை வாங்கித் தன் பெயரை எழுதினார்.

கடைசி வரியாக அடுத்த கூட்டத்தின் தேதி, கேள்வி, எந்த வீடு. அதைச் சத்தமாகப் படித்த பிறகு விளக்கை அணையுங்கள்.